அடிஸ்கேல் போட்ட திட்டம்

பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் அவளுக்கு முன்னால் ஒரு பெயர், முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர். முன்னால் மேடம். பின்னால் அடிஸ்கேல். ஒல்லியான உடம்பை விறைப்பாக நிறுத்திக்கொண்டு, கழுத்து வளையாமல், கை வீசாமல் நடப்பாள் என்பதால் வந்த பெயர். யார் எதைக் கேட்டு வந்தாலும் குறுக்கே ஒரு கோடு கிழித்து அனுப்பிவிடுவாள் என்பதும் பிறகு அதோடு ஒட்டிக்கொண்டது. பெயரை வைத்தது அவளுடைய தங்கை புருஷன்தான். அது மையத்தில் எல்லோருக்கும் தெரியும். தனக்கும் தெரியும் என்று அவள் காட்டிக்கொண்டதே இல்லை.

பரீட்சை மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுகிற தற்காலிக வேலைக்கு வந்தவள்தான் அவள். ஜன்னல் இல்லாத ஓர் அறையில், முதுகு காட்டி உட்கார்ந்த பெண்கள் வரிசையில் கடைசி நாற்காலி. அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறித் திட்டப் பிரிவுக்குத் தலைவியாகிவிட்டாள். எந்தத் துறைக்கு எத்தனை கணினி, எந்த சர்வரை எப்போது மாற்றுவது, எந்தச் சேவையைத் தொடர்வது, எதை இழுத்து மூடுவது எல்லாம் அவள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். செய்து தருகிறேன் என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல அவள் ஒருத்திதான் இருந்தாள். அதனால் எந்த இயக்குநர் வந்தாலும் அவளை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டார்.

முடியாது என்பதை வெறுமனே சொல்லவும் மாட்டாள். ஒருமுறை பழைய மொழிகள் துறையின் பேராசிரியர், ஓய்வு பெறப் போகிற வயதில், தன் துறைக்குத் தனியாக ஒரு சர்வர் வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார். நல்லவிதமாகவே கேட்டார்.

"உங்க துறையில இந்த வருஷம் எத்தனை பிள்ளைங்க சார்?" என்றாள் இவள்.

"நாலு பேர்."

"அப்ப ஒரு பென்டிரைவ் போதும் சார். மாத்தி மாத்தி வச்சுப் படிச்சுக்கட்டும்."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பேராசிரியரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி உட்கார்ந்துவிட்டார். அந்தக் கதையை ஒரு வாரம் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் காதுக்கும் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வீடு அப்பா கட்டியது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு கீழ்த்தளத்தில் தங்கை, தங்கை புருஷன், அவர்களுடைய ஒரே மகள். மேலே இவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் தந்த பதில்களைக் கேட்டு, இரண்டாவது முறை யாரும் கேட்கவில்லை. காலையும் மாலையும் சாப்பாடு கீழேதான். தங்கை மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது இவள்தான். அந்தப் பெண் முக்கால்வாசி நேரம் பெரியம்மாவின் கட்டிலில்தான் குப்புறப் படுத்துக் கிடப்பாள்.

தங்கை புருஷனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் இவள்தான். விழா மண்டபங்களில் மைக் செட் கட்டிக்கொண்டு திரிந்தவரை, வகுப்பறைக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் சேர்த்துவிட்டாள். புரொஜெக்டர் எரிகிறதா, மைக் இரைகிறதா, திரை இறங்குகிறதா என்று பார்க்கிற வேலை. பாடத்தின் நடுவில் ஏதாவது மக்கர் செய்தால் ஓட வேண்டும். சேர்ந்த புதிதில் நடைபாதையில் வைத்து இவள் ஒருமுறை "மாப்பிள்ளை, இங்க வாங்க" என்று கூப்பிட்டுவிட்டாள். அன்றோடு சரி. கேன்டீன்காரரிலிருந்து துறைத் தலைவர்கள் வரை பல்கலைக்கழகம் முழுவதற்கும் அவர் மாப்பிள்ளையாகிவிட்டார்.

ஆள் கொஞ்சம் சோம்பேறி. காலையில் எழுப்புவதற்குள் தங்கைக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் வந்து நின்றால் அந்த இடம் கலகலத்துப்போகும். யாரைப் பார்த்தாலும் அப்படியே செய்து காட்டுவார். துணைவேந்தர் மைக்கில் செருமுகிற செருமலை இவர் செருமிக் காட்டினால், துணைவேந்தரே திரும்பிப் பார்ப்பார். அடிஸ்கேலின் நடையும் அவர் கைவசம் இருந்தது. ஒரு பிரிவுபசார விழாவில் சட்டைக்குள் முதுகோடு ஒரு மர ஸ்கேலைச் செருகிக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே விறைத்துக்கொண்டு நடந்து காட்டினார். சிரித்துச் சிரித்து ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். சிரிப்பு அப்படியே அறுந்துபோயிற்று. அவர் மட்டும் நிற்கவில்லை.

"அக்கா, ஒரு தடவை நடந்து காட்டுங்க. நான் சரியாப் பண்றேனான்னு பார்த்துக்கறேன்."

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவளும் சிரித்தாள். நடந்துபோய்க் கேக் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். தான் நடந்த அந்த நாலு எட்டுக்கு முதுகுக்குப் பின்னால் எழுந்த சிரிப்பை அவள் கேட்டாள்.

அந்த வருடம்தான் புது இயக்குநர் வந்தார். வந்ததும் வராததுமாக, கணினிச் சேவைகள் அனைத்துக்கும் ஐந்தாண்டுத் திட்டம் வேண்டும் என்றார். அவளுக்குச் சாப்பாடு தண்ணீர் தேவையில்லாமல் போயிற்று. வெள்ளைப் பலகை முழுக்கப் பெட்டிகளும் அம்புகளும் வரைந்தாள். துறைதோறும் சிதறிக் கிடந்த சர்வர்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தாள். பத்துப் பாஸ்வேர்டு இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று என்றாக்கினாள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய மின்னஞ்சல், கணினி, நூலகம், கதவைத் திறக்கும் கார்டு எல்லாம் ஒரே நொடியில் மூடிக்கொள்ளும்படி ஓர் ஏற்பாடும் செய்தாள். அதற்கு முன்னால் இருந்த நிலைமை வெட்கக்கேடு. விலகி வருடக்கணக்கானவர்கள் இன்னும் புத்தகம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன ஒரு பேராசிரியருக்குத் தவறாமல் கூட்ட அழைப்பு போய்க்கொண்டிருந்தது. அவள் ஏற்பாட்டை எல்லோரும் மெச்சினார்கள்.

வகுப்பறைகளுக்கும் அவளிடம் வழி இருந்தது. எல்லா அறைக் கருவிகளையும் ஒரே கட்டுப்பாட்டு அறையோடு இணைத்துவிட்டால், திரையைப் பார்த்தபடியே எந்தப் புரொஜெக்டரையும் அணைக்கலாம், ஏற்றலாம். ஓடுவதற்கு ஆள் வேண்டாம். இப்போதிருக்கும் பதினோரு பேரில் மூன்று பேர் போதும்.

"அந்த மூணு பேர் யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார் இயக்குநர். "உங்களுக்குத்தான் ஆளுங்களைத் தெரியும்."

வேலைத் திறமைக்கு இவ்வளவு, அனுபவத்துக்கு இவ்வளவு, புகார் வந்திருந்தால் கழிவு இவ்வளவு என்று புள்ளி வகுத்தாள். தங்கை புருஷன் மூன்றாவதாக வந்தார். தாமதமாக வருவதற்குப் புள்ளி போனாலும், பேராசிரியர்கள் அவருக்குக் கொடுத்திருந்த பாராட்டு அவரைத் தூக்கிவிட்டது. நாலாவதாக வந்தவர், இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத ஓர் ஊமைச் சாமி.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரனைக் காப்பாற்றிக்கொண்டாள் என்று ஒரு நாக்கு பேசிவிட்டால் போதும், மொத்தத் திட்டமும் நாறிப்போகும். எட்டுப் பேரை அனுப்புகிறவள் தன் வீட்டு ஆளை வைத்துக்கொண்டால் யார் நம்புவார்கள்? இப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதில் பொய்யும் இல்லை. ஆனால் மூன்றையும் நாலையும் இடம் மாற்றியபோது, பல்லில் சிக்கியிருந்த ஏதோ ஒன்றை எடுத்துப் போட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவள் கிளறிப் பார்க்கவில்லை.

அந்த எட்டுப் பேரை அனுப்பும் நாளுக்கு முந்தின சாயங்காலம் வழக்கம்போல் கீழே சாப்பிட உட்கார்ந்தாள். தங்கை மகள் தட்டுக்குப் பக்கத்திலேயே கணக்கு நோட்டை விரித்து வைத்திருந்தாள். தங்கை பரிமாறிக்கொண்டே கேட்டாள்:

"ஆபீஸ்ல ஆள் குறைக்கப் போறாங்களாமே, நெசமாக்கா?"

"பேச்சு அடிபடுது."

"இவருக்கு ஒண்ணும் ஆகாதே?"

அவள் பதில் சொல்வதற்குள் அவரே குறுக்கிட்டார். "நீ ஒருத்தி. அக்கா இருக்கும்போது நமக்கென்னடி? அக்கா, சொல்ல மறந்துட்டேன். வண்டிக்குப் பின்சீட்டு மெத்தை மாத்திட்டேன். முதுகு வலிக்குதுன்னு சொன்னீங்கள்ல. நாளைக்கு உட்கார்ந்து பாருங்க, சோபா மாதிரி இருக்கும்."

"தண்ணி கொஞ்சம் ஊத்து" என்றாள் தங்கையிடம்.

சாப்பிட்டு முடித்துத் தங்கை மகளுக்கு இரண்டு கணக்கும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போனாள். தூங்கவும் செய்தாள்.

காலையில் அவர் வண்டியிலேயே ஏறினாள். தினமும் அப்படித்தான் போவார்கள், அன்றைக்கு மட்டும் பஸ்ஸில் போனால் சந்தேகம் வரும். மெத்தை நிஜமாகவே நன்றாக இருந்தது. வழியெல்லாம் அவர் வண்டியின் பக்கக் கண்ணாடியில் இவளைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் நுழைவாயிலுக்கு வந்தார்கள். கார்டைக் காட்டினால் விலகி வழிவிடும் கண்ணாடித் தடுப்பு. அவள் முன்னால் இருந்தாள். கார்டை வைத்தாள், தடுப்பு விலகியது, உள்ளே போனாள்.

பின்னால் சிவப்பு விளக்கு எரிந்து, டொய்ங் என்ற சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது.

அவள் திரும்பவில்லை. கழுத்து வளையாமல், கை வீசாமல் லிஃப்ட் வரைக்கும் நடந்தாள்.

அவளுடைய அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நுழைவாயில் தெரியும். மாணவர்கள் வரிசை தேங்கி நின்றது. அவர் கார்டைச் சட்டையில் துடைத்து வைத்தார். முத்தம் கொடுத்து வைத்தார். தடுப்பிடம் கைகூப்பிக் கெஞ்சினார். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். போனை எடுத்தார். இவள் மேசையில் போன் அடித்தது.

"அக்கா, உங்க கேட்டு என்னைச் சேத்துக்க மாட்டேங்குது. குளிக்காம வந்தது தெரிஞ்சுபோச்சு போல."

பின்னணியில் பிள்ளைகளின் சிரிப்பு கேட்டது.

"அங்கேயே நில்லுங்க மாப்பிள்ளை. நிர்வாகத்துலருந்து ஆள் வருவாங்க."

"எதுக்கு?"

"வந்து பேசுவாங்க."

சிரிப்புச் சத்தம் இன்னும் ஓயவில்லை. அவர் குரல் மட்டும் இறங்கிவிட்டது.

"அக்கா, மேலருந்து பார்த்தா நான் தெரியறேனா?"

"தெரியுது."

"கை ஆட்டுங்க பார்ப்போம்."

போன் அவள் காதில் இருந்தது. இன்னொரு கை ஜன்னல் கம்பியில் இருந்தது. அவர் நெற்றிக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்து ஒவ்வொரு ஜன்னலாகத் தேடினார். அவள் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் தேடிவிட்டுப் போனை அணைத்துவிட்டார்.

சற்றுப் பொறுத்துக் காவலாளி உள்ளேயிருந்து ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். புரொஜெக்டர் விளக்கு வந்த பெட்டி. உள்ளே மாப்பிள்ளையின் குடை, டீக் குவளை, மாற்றுச் செருப்பு, ஒரு திருப்புளி. இரண்டு பேரும் வருடக்கணக்காக ஒன்றாக டீ குடிப்பவர்கள். அன்றைக்குக் காவலாளி அவர் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத் தடுப்புக்கு மேலாக நீட்டினார். வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு விஷயம் மெல்லப் புரிய, ஒவ்வொருவராகப் பக்கத்துத் தடுப்புக்கு நகர்ந்து போனார்கள்.

சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். தங்கை கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து அதையேதான் செய்துகொண்டிருந்தார் போலிருக்கிறது.

"நேத்து சாப்பிட்டப்போ உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் தங்கை.

"தெரியும்."

"காலைல வண்டில ஏறினப்போ?"

"தெரியும். முன்கூட்டியே சொல்லக் கூடாதுன்னு விதி. சொன்னா கம்ப்யூட்டர்ல ஏதாவது பண்ணிட்டுப் போயிடுவாங்க."

"இவரு என்னக்கா பண்ணுவாரு? புரொஜெக்டரைத் தூக்கி இடுப்புல சொருகிட்டு ஓடிடுவாரா?"

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"உன் விதியில தீ வைக்க!" தங்கையின் குரல் உடைந்துவிட்டது. "மத்த ஏழு பேரு வீட்ல யாராவது இப்படிக் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டுட்டுக் கழுத்தறுத்தாங்களா?"

அவர்தான் நிறுத்தினார். "விடு. அது அவங்க வேலை." பிறகு காலுறையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அக்கா, நான் எத்தனாவது வந்தேன்?"

மூன்றாவது என்று சொல்லியிருக்கலாம். மாற்றிய பிறகு வந்த கணக்குப்படி நாலாவது என்றாவது சொல்லியிருக்கலாம்.

"ஏழாவது" என்றாள்.

அவர் தலையாட்டினார். "ஏழாவதா. சரிதான். நாலு அஞ்சு வரும்னு நினைச்சேன்."

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த தங்கை மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியம்மா படியேறி வந்தபோது காலை ஒடுக்கி வழிவிட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கணக்குக்கு வரவில்லை. இவளும் கீழே சாப்பிடப் போகவில்லை.

திட்டம் அருமையாக வேலை செய்தது. கட்டுப்பாட்டு அறையில் மூன்று பேர் உட்கார்ந்து பல்கலைக்கழகத்தின் எல்லாத் திரைகளையும் ஏற்றி இறக்கினார்கள். புகார்கள் பாதியாகக் குறைந்தன. முதல் மாதங்களில் சில பேராசிரியர்கள் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். அப்புறம் அதையும் விட்டார்கள்.

மாப்பிள்ளைக்கு ஆரம்பத்தில் தன் சோகத்தையும் சிரிப்பாக்கத் தெரிந்திருந்தது. உறவுக்காரர்கள் கூடுகிற இடமெல்லாம் நுழைவாயில் கதையைச் சொல்வார். கார்டுக்கு முத்தம் கொடுத்தது, தடுப்பைக் கும்பிட்டது, பின்னால் திரும்பாமல் அடிஸ்கேல் லிஃப்டுக்கு நடந்தது, எல்லாம் நடித்துக் காட்டுவார். அவள் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். உறவுக்காரர்கள் அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்கள். எழுந்து போனால் ரோஷம் வந்துவிட்டது என்பார்கள், உட்கார்ந்திருந்தால் கல்நெஞ்சம் என்பார்கள். உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முறையும் கடைசியில் அவர் கேட்பார்: "சரியாப் பண்றேனாக்கா?"

மண்டபங்களுக்கு மைக் செட் கட்டும் பழைய வேலைக்கே திரும்பிப் போயிருந்தார். வயது ஏறிவிட்டது, பெட்டிகளின் கனம் குறையவில்லை. ஒருநாள் லாரியிலிருந்து ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியை இறக்கும்போது கை வழுக்கி, வலது கை விரல்கள் அடியில் மாட்டிக்கொண்டன. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அவள் போனாள். தங்கை மருந்து வாங்க வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் போனாள். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். கட்டிலருகே வந்ததும் பழப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வலிக்குதா மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டாள்.

"அக்கா, எதாவது சொல்லிச் சிரிக்க வைங்க. இத்தனை வருஷம் நான்தான் பண்ணேன். இன்னைக்கு நீங்க பண்ணுங்க."

அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். அவர் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பென்டிரைவ் ஜோக்கையாவது சொல்லுங்க. அது நல்லா இருக்கும்."

வாங்கி வந்த பழங்களை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அதன்பிறகு அவர் யாரையும் செய்து காட்டியதாகத் தெரியவில்லை.

அடுத்த வருடம் பல்கலைக்கழகம் அவளுக்குச் சிறந்த சேவைக்கான விருது கொடுத்தது. மேடையில் இயக்குநர் அவளைப் பற்றிப் பேசும்போது, "தன் சொந்தத் தங்கை கணவரையே விலக்கத் தயங்காத நேர்மை" என்று குரலை உயர்த்தினார். அரங்கம் கைதட்டியது. விழா முடிந்து டீ குடிக்கும்போது அவளைத் தனியாக ஓரம் கட்டினார்.

"ஒண்ணு உங்ககிட்ட சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சேன். நாலு பேர் வச்சுக்கவே எனக்கு அனுமதி இருந்தது. உங்க ஆளுக்காக நீங்க வந்து கேப்பீங்கன்னு ஒரு இடத்தைக் கையிலயே வச்சிருந்தேன். கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் காத்துட்டிருந்தேன். நீங்க வரல."

அவள் கோப்பையைச் சாஸரில் வைத்தாள்.

"சரி, வீட்ல ஏதோ பழைய பகை போலன்னு விட்டுட்டேன்" என்றார் இயக்குநர், ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே. "பகைதானே?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாமலே பண்ணீங்களா!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு." சிரித்தபடி பக்கத்துக் கும்பலுக்குப் போய்விட்டார்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யாரும் இல்லை. ஆனால் அதிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. அலுவலகம் காலியான பிறகும் நாற்காலியிலிருந்து எழ மனம் வராமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்காவது ஆள் குறைக்க வேண்டும் என்றால் அதன்பிறகு அவளைத்தான் அனுப்பினார்கள். நூலகம், அச்சகம், விடுதி அலுவலகம். அவள் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் டீ குடிப்பவர்கள் எழுந்து வேலையைப் பார்க்கப் போனார்கள்.

தங்கை மகள் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். மதிப்பெண்ணும் அதற்குப் போதுமானதாக இருந்தது, பக்கத்தில் வேறு பல்கலைக்கழகமும் இல்லை. முதல் வருடப் பிள்ளைகளைக் கணினி மையத்துக்குச் சுற்றிக்காட்ட அழைத்து வருவார்கள். கட்டுப்பாட்டு அறையைப் பற்றி விளக்குவது எப்போதும் அடிஸ்கேல்தான். அன்றைக்குப் பேசிக்கொண்டே வந்தவள், மூன்றாவது வரிசையில் அந்த முகத்தைப் பார்த்ததும் ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டு மேலே பேசினாள்.

முடிவில் கேள்வி உண்டா என்று கேட்டாள். தங்கை மகள் கை தூக்கினாள்.

"மேடம், இந்த ரூம் வர்றதுக்கு முன்னாடி எத்தனை பேர் இந்த வேலையைப் பார்த்தாங்க?"

பிறந்ததிலிருந்து பெரியம்மா என்று மட்டுமே கூப்பிட்ட வாய்.

"பதினோரு பேர்."

"மீதி எட்டுப் பேர் இப்ப என்ன பண்றாங்க மேடம்?"

"வேற வேற வேலைக்குப் போயிட்டாங்க."

"நல்லா இருக்காங்களா மேடம்?"

மற்ற பிள்ளைகளுக்கு அது வெறும் கேள்வி. ஒருவன் கொட்டாவி விட்டான். அடிஸ்கேல் திரைப் பக்கம் திரும்பி, எந்தக் காரணமும் இல்லாமல் ஓர் அறையின் விளக்கை அணைத்து மறுபடியும் போட்டாள்.

"அது எங்க துறைக்குள்ள வர்ற விஷயம் இல்ல" என்றாள். "அடுத்த கேள்வி."

"தேங்க்ஸ் மேடம்" என்றாள் தங்கை மகள், மரியாதையாக.

அந்த மழைக்காலம் முடிந்ததும் தங்கை மேலே வந்தாள். அவ்வளவு நாளில் முதல்முறையாக அவள் அறைக் கதவைத் தட்டினாள். இவள் ஓடிப்போய்த் திறந்தாள். உள்ளே வா, உட்காரு என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். தங்கை உட்காரவில்லை.

"வெளிப்பக்கமாப் படி கட்டலாம்னு இருக்கோம்" என்றாள். "நீ எங்க கூடத்தைத் தாண்டித்தானே ஏற வேண்டியிருக்கு. அவரு பகல்ல அங்கதான் படுத்திருக்காரு. உன் காலடிச் சத்தம் கேட்டா எழுந்து உள்ள போயிடறாரு."

"எப்பக் கட்டணும்?"

"அடுத்த வாரம் கொத்தனார் வர்றாரு. எங்க வைக்கணும், எப்படித் திருப்பணும்னு படம் போட்டுக் குடுன்னு கேக்கறாரு. உனக்குத்தான் திட்டம் போடத் தெரியுமே. நீயே போட்டுக் குடு."

போய்விட்டாள். நாற்காலி அறை நடுவில் கிடந்தது.

அவள் போட்டுக் கொடுத்தாள். சுவரை அளந்தாள். கீழ்த்தளத்தின் எந்த ஜன்னலையும் மறைக்காதபடி, ஏறி இறங்குகிறவர் தலை உள்ளேயிருப்பவர்கள் கண்ணில் படாதபடி, படிகளைப் பின்பக்கச் சுவரோடு ஒட்டித் திருப்பினாள். அங்கே வைத்தால் தெருவிலிருந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வைத்தாள். உள்ளே இருந்த படியின் மேல்வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம் என்று அவளே படத்தில் குறித்துக் கொடுத்தாள். தங்கை அதைக் கேட்டிருக்கவில்லை. குறித்திருந்ததைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கொத்தனார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரமாதமாப் போட்டிருக்கீங்கம்மா" என்றார். "எத்தனையோ இன்ஜினியர் வீட்ல வேலை பார்த்திருக்கேன், இப்படி யாரும் குடுத்ததில்ல. கண்ணை மூடிட்டுக் கட்டிடலாம்."

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்ததை அவளே உணர்ந்து, சட்டென்று அடக்கிக்கொண்டாள்.

இப்போது அந்த வழியாகத்தான் போய் வருகிறாள். காலையில் பஸ், சாயங்காலம் பஸ். மேலேயே ஓர் அடுப்பு வாங்கி வைத்திருக்கிறாள், சமையல் இன்னும் கைவரவில்லை. கீழே எப்போதாவது சிரிப்புச் சத்தம் கேட்டால் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று.